லைன்மேனுக்குக் கொட்டும் பணம் வீணா?

[திரையில்: முட்டை வடிவப் பந்து. இரு பக்கமும் குனிந்து நிற்கும் ஆட்கள்.]

2018 மார்ச்சில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி நேட் சோல்டரை வாங்கியது. நான்கு ஆண்டுக்கு 6.2 கோடி டாலர். ஆண்டுச் சராசரியில் பார்த்தால், அமெரிக்கக் கால்பந்தில் அதுவரை எந்த லைன்மேனும், அதாவது பந்தை எறிபவருக்கு முன்னால் காவலாக நிற்கும் எந்த வீரரும், வாங்காத சம்பளம். அதற்கு முன் ஏழு பருவங்கள் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் இருந்தவர், பந்தை எறியும் நட்சத்திரம் டாம் பிரேடிக்குக் காவலாக நின்றவர். பிரேடிக்கே காவல் என்றால் சும்மாவா?

அவர் போன பிறகு பேட்ரியட்ஸ் என்ன செய்தது என்று பாருங்கள். அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸிடமிருந்து டிரென்ட் பிரவுன் என்ற மலை மாதிரி ஆளை மலிவாக வாங்கிப்போட்டது. டிராஃப்ட் என்பது அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது. அதில் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றைக் கொடுத்தார்கள், பிரவுனோடு ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்றும் திரும்பி வந்தது. அவ்வளவுதான் விலை. அந்தப் பருவத்தின் பிளே-ஆஃப் முழுவதும் பிரேடியைப் பந்தோடு கீழே தள்ள முடிந்தது ஒரே ஒரு முறை. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்தார்கள்.

உடனே பிரவுனின் விலை ஏறியது. 2019 மார்ச்சில் ரெய்டர்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 6.6 கோடி கொடுத்தது. சோல்டரின் சாதனை ஒரே ஆண்டில் உடைந்தது. இரண்டு பருவங்களில் பிரவுன் அங்கே ஆடியது 16 ஆட்டம். 2021-இல் அவரை யார் திரும்ப வாங்கிக்கொண்டது தெரியுமா? அதே பேட்ரியட்ஸ். நடுவில், சோல்டர் போனதற்கு ஒன்று, பிரவுன் போனதற்கு ஒன்று என்று லீக்கிடமிருந்து இரண்டு மூன்றாம் சுற்று ஈட்டு வாய்ப்புகளையும் வாங்கி வைத்துக்கொண்டது.

சோல்டரோ ஜயன்ட்ஸில் அந்தப் பணத்துக்கு ஆடவில்லை. 2020 கொரோனா பருவத்தில் ஆடாமல் விலகியிருந்தார். திரும்பி வந்து ஒரு பருவம் ஆடினார், அதோடு முடிந்தது.

இந்தக் கதையை மட்டும் கேட்டால் தீர்ப்பு சொல்லிவிடலாம்: அணிகள் லைன்மேனுக்கு அள்ளிக் கொட்டி ஏமாறுகின்றன. நானும் பாதி வரைக்கும் அந்தக் கட்சிதான். மீதிப் பாதிக்குத்தான் இந்த வீடியோ.

[திரையில்: ஐந்து பேர் வரிசை. நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்.]

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். குவாட்டர்பேக் என்பவர்தான் பந்தை எறிபவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள், ஒவ்வொருவரும் சுமார் 140 கிலோ. எதிரணி பாய்ந்து வந்து குவாட்டர்பேக்கைச் சாய்க்காமல் தடுப்பதும், ஓடுபவருக்கு வழி திறப்பதும் இவர்கள் வேலை. சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலி மாதிரி, நான்கு பேர் சரியாக நின்று ஒருவர் கோட்டைவிட்டாலும் அந்தச் சுற்று போச்சு.

சரி, விலைக்கு வருவோம்.

என்.எஃப்.எல். லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-இல் அது 27.92 கோடி டாலர். ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வருவார்கள், அதுதான் ஃப்ரீ ஏஜென்சி. பெரிய தொகைகள் எல்லாம் முதல் ஓரிரு நாளிலேயே பேசி முடிந்துவிடும். நிதானமாக யோசித்து வாங்கும் இடம் இல்லை அது.

அந்தச் சந்தைக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் முதல் சிக்கல். ஒரு லைன்மேனைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் அவருடைய பழைய அணிக்காரர்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, பயிற்சியில் எப்படி நடந்துகொள்கிறார், பக்கத்தில் நிற்பவர் அவருக்காக எவ்வளவு சுமக்கிறார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களே விட்டுவிடுகிறார்கள் என்றால் ஒரு காரணம் இருக்கும். உண்மையிலேயே தலைசிறந்த இடது டேக்கிள் சந்தைக்கு வருவது அபூர்வம். 2021-இல் டிரென்ட் வில்லியம்ஸ் வந்தார், வந்த வேகத்தில் 49யர்ஸ் ஆறு ஆண்டுக்கு 13.8 கோடி என்று சொல்லி மறுபடி கட்டிப்போட்டது. ஆக, டேக்கிள் தேடும் அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாம் தரம். ஆனால் கேட்கப்படும் விலை முதல் தரத்தினுடையது, ஏனென்றால் வேறு யாரும் இல்லை.

கார்டு, சென்டர் கதை வேறு. அதற்குக் காரணம் விதியில் உள்ள ஒரு கிறுக்குத்தனம். ஒரு வீரரை ஓராண்டுக்குப் போகவிடாமல் நிறுத்திவைக்க அணிகளுக்கு ஃப்ரான்சைஸ் டேக் என்ற உரிமை உண்டு. அதற்கான சம்பளத்தை நிர்ணயிக்கும்போது லைன்மேன் ஐந்து பேரையும் ஒரே இனமாகக் கணக்கிடுகிறார்கள். டேக்கிள்களின் சம்பளம் அந்தத் தொகையை மேலே தள்ளிவிடும். 2025-இல் அது சுமார் 2.34 கோடி. ஒரு சென்டருக்கு அவ்வளவு கொடுக்க எந்த அணிக்கு மனம் வரும்? டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த வீரர்களின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமைக்கும் இதே கணக்குதான். பால்டிமோர் ரேவன்ஸ் தன் அருமையான சென்டர் டைலர் லிண்டர்பாமின் ஐந்தாம் ஆண்டை வேண்டாம் என்று விட்டதற்கு இதுதான் காரணம். ஆகவே நல்ல கார்டுகளும் சென்டர்களும், எந்தக் குறையும் இல்லாமலே, சந்தைக்கு வருகிறார்கள்.

இந்த டேக் விவகாரத்தில் ஒரு பழைய கூத்தும் உண்டு. 2006-இல் சியாட்டில் சீஹாக்ஸ் தன் கார்டு ஸ்டீவ் ஹட்சின்சனுக்குக் கொஞ்சம் மலிவான, கொஞ்சம் தளர்ந்த வகை டேக்கைப் போட்டது. வேறு அணி விலை சொன்னால் அதே விலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. மினசோட்டா வைக்கிங்ஸ் ஏழு ஆண்டுக்கு 4.9 கோடி சொன்னது. கூடவே ஒரு விஷமமான நிபந்தனை: அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் லைன்மேனாக அவர் இல்லாவிட்டால் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் தரவேண்டும். சியாட்டிலில் அவரைவிட அதிகம் வாங்கும் வால்டர் ஜோன்ஸ் இருந்தார். மினசோட்டாவில் அப்படி யாரும் இல்லை. சியாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஹட்சின்சன் இன்று தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அது அதிக விலை என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

[திரையில்: குவாட்டர்பேக் பந்தைப் பிடித்ததும் ஓடத் தொடங்கும் கடிகாரம்.]

அடுத்த சிக்கல், அளவுகோல். பந்தைப் பிடிப்பவருக்கு எத்தனை கேட்ச், எத்தனை யார்டு என்று எண் இருக்கிறது. லைன்மேனுக்கு என்ன இருக்கிறது? இரண்டரை நொடி வரை தடுத்து நின்றாரா என்று பார்க்கும் கணக்கு ஒன்றை ஈ.எஸ்.பி.என். வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனமும் உண்டு. இருந்தாலும், பிரேடி மாதிரி சட்டென்று எறிந்துவிடும் ஒருவருக்கு முன்னால் நிற்பதும், பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும் இளைஞருக்கு முன்னால் நிற்பதும் ஒரே வேலை இல்லை. போதாததற்கு பேட்ரியட்ஸில் அப்போது லைனுக்குப் பயிற்சியாளர் டான்டே ஸ்கார்நெக்கியா, அந்தத் தொழிலின் பெரியவர்களில் ஒருவர். ஜயன்ட்ஸ் சோல்டரை வாங்கியது. ஸ்கார்நெக்கியாவையோ பிரேடியின் வேகமான கையையோ வாங்கவில்லை.

ஏலத்தில் ஒரு பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவர்தான் ஜெயிப்பார். 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் வயல் ஏலங்களைப் பற்றி இதைத்தான் எழுதினார்கள். பொருளாதாரத்தில் இதை ஜெயித்தவரின் சாபம் என்பார்கள். மதிப்பு மங்கலாக இருக்க இருக்கச் சாபமும் பெரிதாகும். லைன்மேனைவிட மங்கலான சரக்கு இந்த ஆட்டத்தில் அதிகம் இல்லை.

இப்போது எதிர்க்கட்சி வாதம்.

கோடிகளை அப்படியே பார்க்காதீர்கள், உச்சவரம்பில் எவ்வளவு பங்கு என்று பாருங்கள். சோல்டரின் ஆண்டுச் சராசரி 1.55 கோடி. 2018 உச்சவரம்பு 17.72 கோடி. பங்கு ஏறக்குறைய 8.7 சதவீதம். அதே பங்கை 2025 வரம்பில் வைத்தால் 2.4 கோடிக்கு மேல் வரும். 2025-இல் டென்னசி டைட்டன்ஸ் டான் மூருக்குக் கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 8.2 கோடி, அதாவது ஆண்டுக்கு 2.05 கோடி. கேட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள், அவருடைய தடுப்புக் கணக்கும் அப்படியொன்றும் அழகாக இல்லை. ஆனாலும் பங்கின்படி அது சோல்டரைவிட மலிவு.

இதில் கெட்டிக்காரத்தனமாக வாங்கியது கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டாம்பாவிடம் 31-9 என்று தோற்றார்கள். சீஃப்ஸின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பந்தோடு பின்வாங்கியதில் 29 முறை எதிரணி நெருக்கிவிட்டது, சூப்பர் பவுலில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த ஆண்டு காலி மைதானங்களால் உச்சவரம்பே 18.25 கோடியாகச் சுருங்கியிருந்தது, மற்ற அணிகள் பணமில்லாமல் தவித்தன. சீஃப்ஸ் பேட்ரியட்ஸிலிருந்து கார்டு ஜோ தூனியை ஐந்து ஆண்டுக்கு 8 கோடிக்கு வாங்கியது. அதே வாரத்தில் லீக் தன் புதிய டி.வி. ஒப்பந்தங்களை அறிவித்தது, 11 ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி டாலர். வரம்பு எகிறப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2021-இல் அன்றைய வரம்பில் 8.8 சதவீதமாக இருந்த தூனியின் சராசரி, 2024 வரம்பில் 6.3 சதவீதம். அதற்குள் இரண்டு சூப்பர் பவுல் வென்றாகிவிட்டது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அவர்கள் தூனியோடு நிறுத்தவில்லை. ஆர்லாண்டோ பிரவுனை வேறு அணியிடமிருந்து பேரம் பேசி வாங்கினார்கள். டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் கிரீட் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில் டிரே ஸ்மித். விலை உயர்ந்தவர் பக்கத்தில் மலிவான, திறமையான இளைஞர்கள். வரிசை முழுவதும் ஒரே கோடையில் மாறியது.

அதே சீஃப்ஸ்தான் 2023-இல் டேக்கிள் ஜவான் டெய்லருக்கு நான்கு ஆண்டுக்கு 8 கோடி கொடுத்தது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகம் பெனால்டி வாங்கியவர் அவர். அதே நிர்வாகம், அதே பயிற்சியாளர்கள். டேக்கிள் கடையில் மட்டும் சரக்கு அப்படி.

2025 பிப்ரவரியில் இடது டேக்கிள் சரியாக அமையாமல் தூனியையே அந்த இடத்தில் நிறுத்தி சூப்பர் பவுல் ஆடினார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தது. அடுத்த மாதம் தூனியை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்குச் சிகாகோ பேர்ஸிடம் தள்ளிவிட்டார்கள். பேர்ஸுக்கு அவசரம் இருந்தது. 2024-இல் அவர்களுடைய குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆகியிருந்தார். தூனியோடு டிரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று நடுவரிசை மூன்றையும் மாற்றினார்கள். 2025-இல் சாக் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. புதிய பயிற்சியாளர் பென் ஜான்சனுக்கும் அதில் பங்கு உண்டு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

அந்த ஜோனா ஜாக்சன் யார்? 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி கொடுத்து எடுத்தவர். நான்கே ஆட்டம் ஆடினார். ஓராண்டில் ஆறாம் சுற்று வாய்ப்புக்குக் கைமாறினார். ஒரு வீட்டில் வீண்செலவு, அடுத்த வீட்டில் லாபம். ஆள் ஒருவர்தான்.

[திரையில்: ஈகிள்ஸ் பயிற்சி மைதானம்.]

ஈகிள்ஸ் பெரும்பாலும் இந்தச் சந்தைக்கே போவதில்லை. லைன் பயிற்சியாளராக ஜெஃப் ஸ்டௌட்லண்ட் 2013-இல் வந்தார். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டாவை ஏழாம் சுற்றில் எடுத்து, இந்த ஆட்டத்தையே புதிதாகக் கற்றுக்கொடுத்து, இடது டேக்கிளாக ஆக்கினார். 2024-இல் மெக்கை பெக்டனைச் சேர்த்துக்கொண்டார்கள். நியூயார்க் ஜெட்ஸ் 2020-இல் பதினோராவது ஆளாக எடுத்து, காயங்களால் சலித்துப்போய் விட்ட டேக்கிள். ஓராண்டுக்கு 27.5 லட்சம் டாலர்தான். ஸ்டௌட்லண்ட் அவரைக் கார்டாக மாற்றினார். சூப்பர் பவுல் மோதிரம் வந்தது. அடுத்த மார்ச்சில் சார்ஜர்ஸ் இரண்டு ஆண்டுக்கு 2 கோடி கொடுத்து அழைத்துக்கொண்டது. ஈகிள்ஸ் சிரித்துக்கொண்டே வழியனுப்பியது.

ஆகவே என் கணக்கு இது. சுமாரான டேக்கிளுக்கு, அதுவும் பெயர்பெற்ற பயிற்சியாளரிடமிருந்து வருபவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் அதிக விலை. டேக் விதியால் வெளியே வந்த நல்ல கார்டுக்கோ சென்டருக்கோ, வரிசையின் மீதி இடங்கள் உருப்படியாக இருக்கும்போது கொடுப்பது பெரும்பாலும் சரியான விலை. தலைப்புச் செய்திகள் இரண்டையும் ஒரே தராசில் போடுகின்றன.

வாங்காமல் விட்டால் ஆகும் செலவையும் யாராவது எழுதவேண்டும். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் பல பருவங்கள் ஓட்டை விழுந்த வரிசைக்குப் பின்னால் அடிவாங்கினார். தோள், விலா, 2015-இல் சிறுநீரகத்தில் கிழிசல். 2018-இல்தான் குவென்டன் நெல்சனை முதல் சுற்றில் எடுத்து வரிசையைச் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 29 வயதில், லக் ஓய்வு அறிவித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் தன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு ஆண்டுக்கு 5.5 கோடி என்று ஒப்பந்தம் போட்ட அதே 2023-இல் ஆர்லாண்டோ பிரவுனுக்கு நான்கு ஆண்டுக்கு 6.4 கோடி கொடுத்தது. அந்த 6.4 கோடியில் ஓரிரு கோடி கூடுதலாகவே இருக்கட்டும், பர்ரோ ஒரு பருவம் வெளியே உட்கார்ந்தால் ஆகும் நட்டத்தைவிட அது குறைவுதான்.