விண்டோஸ் புதிதாகப் போட்டும் லேப்டாப் ஏன் இழுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

லேப்டாப் மெதுவாகிவிட்டால், "ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம்" என்பதுதான் வீட்டிலும் கடையிலும் முதலில் வரும் யோசனை. அதைச் செய்து முடித்த பிறகும் பிரவுசர் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது என்றால், பலர் இன்னொரு முறை ஃபார்மேட் அடிக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். சுத்தமாகப் போட்ட பிறகும் இழுக்கிறது என்றால், பழைய குப்பை காரணமில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. தேட வேண்டிய இடம் வேறு.

முதல் நாள் மெதுவாக இருப்பது இயல்பு. புதிதாக வந்த விண்டோஸ் அப்டேட்டுகளை இறக்கும், ஃபைல்களைத் தேடலுக்காக அட்டவணை போடும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒவ்வொரு ஃபைலாகச் சோதிக்கும், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் படங்களைத் திரும்ப இழுக்கும். சார்ஜரைச் செருகி, வைஃபையில் இணைத்து, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பாதியிலேயே தீர்ந்து, அப்டேட் நாள்கணக்கில் தொங்கும். இரண்டு நாள் யார் வீட்டு பிராட்பேண்டையாவது இரவல் வாங்குவது மேல்.

லேப்டாப்போடு வந்த ரெக்கவரி பகுதியிலிருந்து மீட்டிருந்தால், வாங்கிய அன்று இருந்த பழைய விண்டோஸ்தான் திரும்பி வரும். கூடவே கம்பெனி போட்டுத் தந்த ஆன்டிவைரஸ் டிரையலும் வரும். அதன் மேல் நீங்கள் இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டால், இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுக்கும். டிரையலை நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும்.

அடுத்தது டிரைவர், அதாவது லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்பிளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. வீடியோ வேலையெல்லாம் பிராசஸர் தலையில் விழும். விண்டோவை நகர்த்தினாலே திணறும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து முதலில் சிப்செட், பிறகு கிராஃபிக்ஸ், பிறகு வைஃபை என்று போடுங்கள். வைஃபையே வேலை செய்யவில்லையா? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வரும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் இழுக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க்கைப் பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் பயன்பாடு 100 சதவீதம். ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு ஓர் எம்பி கூட இல்லை. 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' ஆயிரம் மில்லிசெகண்டைத் தாண்டி நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து நீடித்தால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, விண்டோஸ் காத்திருக்கிறது. முதலில் ஃபார்மேட் செய்யத் தோன்றியதற்கே இதுதான் காரணமாக இருந்திருக்கும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதை உறுதி செய்யும். 05, சி5, சி6 என்ற வரிசைகளில் 'ரா வேல்யூஸ்' என்ற கட்டத்தில் உள்ள எண் பூஜ்யத்தை விட்டு ஏறியிருந்தால் டிஸ்க் பழுதாகிறது. சி7 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள கேபிள் தளர்ந்திருக்கலாம்.

டிஸ்க் நன்றாகவே இருந்தும் அதன் பயன்பாடு உச்சத்தில் நிற்கிறது என்றால் மெமரியை, அதாவது ரேமைப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது விண்டோஸ் எழுந்து நிற்கத்தான் போதும். பிரவுசரில் நாலு டேப் திறந்தால், மெமரியில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். 8 ஜிபி ஆக்குங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும். கூட்ட முடியுமா என்று வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராசஸர் பக்கத்தில் ஒரு வினோதம் உண்டு. வேலை கொடுத்தும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். பல மாடல்கள் தங்கள் சார்ஜரை அடையாளம் காணவில்லை என்றால் வேகத்தை அடியில் பிடித்து நிறுத்திவிடும். வேறு ஒரிஜினல் சார்ஜர் போட்டுப் பாருங்கள். மெனக்கெட்டு ஃபார்மேட் செய்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும் பதில்தான். ஃபேன் அடைத்துச் சூடேறினாலும் வேகம் இறங்கும். ஆனால் அது கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் இறங்கும்.

ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதானால், சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். பழைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல சாட்டா வகை பொருந்தும். சாதாரணமாக 7 மில்லிமீட்டர் தடிமன். சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை இருந்தால், அது சாட்டா, என்விஎம்இ என்ற இரு இணைப்பு வகைகளில் எதை ஏற்கும் என்று மாடல் குறிப்பில் பாருங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பல போர்டுகளில் வேலை செய்யாது. பழுதான டிஸ்க்கை அப்படியே நகலெடுக்காமல், 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாகப் புதிய விண்டோஸ் ஏற்றுங்கள். அதே மதர்போர்டு என்றால் டிஜிட்டல் லைசென்ஸ் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயல்படும்.

கழற்றிய டிஸ்க்கில் மிச்சமிருக்கும் படங்கள் வேண்டுமென்றால், அதை யூஎஸ்பி வழியாக வெளியிலிருந்து இணைக்கும் உறையில் போட்டு, முக்கியமானவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் 'ஸ்கேன் செய்து சரி செய்யட்டுமா' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் அந்த ஸ்கேன் மிச்சத்தையும் அழித்துவிடலாம்.