அரங்கம் வரையும் முன் நாட்காட்டியை வரைவோம்

அவையில் கூடியிருக்கும் காற்பந்து அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேசியக் காற்பந்து அரங்கம் ஒன்று கட்டலாம் என்று எந்த நாட்டில் பேச்சு எழுந்தாலும், முதலில் மேசைக்கு வருவது படம்தான். கூரை என்ன வடிவம், எத்தனை ஆயிரம் இருக்கை, இரவில் விளக்குப் போட்டால் தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்றுதான் பேசுவார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. அந்தப் படத்தை விரிப்பதற்கு முன் ஒரு நாட்காட்டியை விரியுங்கள். ஆண்டில் எந்த நாள் பந்துக்கு, எந்த நாள் பாட்டுக்கு, எந்த நாள் புல்லின் ஓய்வுக்கு என்று குறியுங்கள். அதைச் செய்யாமல் கட்டினால், எவ்வளவு அழகான அரங்கமானாலும் காற்பந்து அங்கே விருந்தாளியாகத்தான் போய் நிற்கும்.

வெளியூர்க் கதை எதற்கு, சிங்கப்பூரின் தேசிய அரங்கம் இருக்கும் நம் காலாங்கையே எடுத்துக்கொள்வோம். பழைய தேசிய அரங்கம் 1973 ஜூலையில் திறக்கப்பட்டது. 55,000 பேர் கொள்ளும். அதைக் கட்டப் பணம் எப்படி வந்தது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1969இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்வீப் சீட்டின் நோக்கங்களில் ஒன்றே அந்த அரங்கத்துக்கு நிதி திரட்டுவதுதான். சாமானிய மக்கள் வாங்கிய சீட்டுக் காசு அந்தக் கான்கிரீட்டில் கலந்திருந்தது. அந்த உரிமையோடுதான் அவர்கள் உள்ளே போனார்கள். அந்த உரிமையோடுதான் கத்தினார்கள். மலேசிய மாநிலங்களோடு நாம் மோதிய மலேசியக் கிண்ண ஆட்டங்களில் நம் வீரர்கள் டோலா காசிமுக்கும் குவா கிம் சொங்குக்கும் எழுந்த ஆரவாரம், ராஜகோபாலின் வளைந்து இறங்கும் உதைக்கு எழுந்த ஆரவாரம், பிறகு ஃபாண்டி அகமதுக்கும் நம் சுந்தரமூர்த்திக்கும் எழுந்த ஆரவாரம் எல்லாம் சேர்ந்துதான் காலாங் முழக்கம் என்று பெயர் பெற்றது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அரங்கத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் இருந்தது. ரசிகர் பந்திலிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தார். பெரிய வசதிகளும் கிடையாது. கட்டடக்கலைப் பாடப்படி பார்த்தால் அங்கே அந்த முழக்கம் எழுந்திருக்கவே கூடாது! எழுந்ததற்குக் காரணம், ஆட்டம் அங்கேதான் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது தேசிய அணியின் வீடு. 2005 ஜனவரியில் இந்தோனீசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தைத் தூக்கியது அங்கேதான். 2007 ஜூன் 30இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தோடு அதற்கு விடைகொடுத்தோம்.

புதிய அரங்கம் 2014இல் திறந்தது. பொறியியலைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை, மனமாரச் சொல்கிறேன். 310 மீட்டர் அகலக் கவிகைக் கூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரை திறந்து மூடும். கீழ்த்தட்டு இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும். காற்பந்து, ரக்பி, கிரிக்கெட், தடகளம் நான்கையும் ஒரே இடத்தில் நடத்தலாம்.

ஆனால் அது தனியார் கூட்டமைப்பு ஒன்றோடு செய்த 25 ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் எழுந்த கட்டடம். கட்டியவர்களுக்கு வருமானம் வேண்டும். வருமானம் வர அரங்கம் நிறைய நாள் வாடகைக்குப் போக வேண்டும். அப்படியானால் காற்பந்துக்கு என்று எத்தனை நாள்? சச்சரவு எல்லாம் இந்தக் கேள்வியில்தான் கிளம்பியது. தேசிய தின அணிவகுப்பையே பாருங்கள். ஒப்பந்தம் அதற்கு ஒதுக்கியது 45 நாள். 2016 அணிவகுப்பை ஒத்திகைகளோடு நடத்த அது போதவில்லை. கூடுதல் நாள்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. நாட்டின் பிறந்தநாளுக்கே நாள் பேசி வாங்க வேண்டிய இடத்தில் காற்பந்துக்கு யார் பேசுவார்கள்?

புல்லின் கதையும் நாட்காட்டிக் கதைதான். இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகளைத் தைத்த கலப்புத் தரை முதலில் போடப்பட்டது. வேர் பிடிக்க வெயிலும் வேண்டும், நாளும் வேண்டும். கவிகையின் நிழலில் வெயில் குறைவு. 2014 அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆட வந்தபோது நெய்மார் நான்கு கோல் போட்டார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆனால் பந்து பட்ட இடமெல்லாம் மணல் பறந்ததைத்தான் உலகம் பேசியது. லண்டன் வெம்ப்ளியிலும் இதே பாடு. 2007இல் திறந்த புதிய அரங்கில் மூன்றே ஆண்டுகளுக்குள் புல்தரையைத் திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டுவிட்டு, 2010இல்தான் கலப்புத் தரைக்குப் போனார்கள். இரண்டு நாட்டிலும் புல்லை நன்கறிந்தவர்கள் இருந்தார்கள். திட்டத்தின் முதல் பக்கத்தில் அவர்கள் குரல் கேட்டிருக்க வேண்டும்.

இத்தாலியின் டூரின் நகரமோ வேறு விதமாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1990 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டிய டெல்லே ஆல்பியில் ஓடுதளம் வைத்தார்கள். ஆட்டம் எங்கோ நடப்பதுபோல் தெரிந்தது, இருக்கைகள் காலியாகக் கிடந்தன. கடைசியில் அதை இடித்துவிட்டு, அந்நகரக் காற்பந்து அணியான யுவென்டஸ் 2011இல் அதே இடத்தில் சுமார் 41,000 பேருக்கு ஓடுதளமில்லாத அரங்கத்தைத் திறந்தது. இருக்கை குறைந்தது, கூட்டம் நெருங்கியது.

இங்கே 2022 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டி நடந்தபோது நம் அணி சொந்த மண்ணில் ஆடியது எங்கே? சுமார் 6,000 பேர் கொள்ளும் ஜாலான் புசாரில், செயற்கைப் புல்லின் மேல். ஜாலான் புசார் மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. இந்த நாட்டுக் காற்பந்து பிறந்து வளர்ந்த இடம் அது. ஆனாலும் 55,000 இருக்கை காலாங்கில் இருக்க, தேசிய அணி அங்கே ஆடியது என்னை வருத்தியது. அதே மாதம்தான், தேசிய அரங்கம் அடங்கிய விளையாட்டு மையம் முழுவதையும் அந்தத் தனியார் கூட்டமைப்பிடமிருந்து அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அது சரியான முடிவு.

மாற்றமும் தெரிகிறது. 2024 மார்ச் 9இல் தேசிய அரங்கத்தில் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஆறாவது கச்சேரி இரவு முடிந்தது. 21ஆம் தேதி அதே இடத்தில் சீனாவோடு உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று. இரண்டு கோல் பின்தங்கியிருந்த நம்மவர்கள் 2–2 என்று சமன் செய்தார்கள். கச்சேரிக்கும் ஆட்டத்துக்கும் இடையே பன்னிரண்டே நாள். மனது வைத்தால் இரண்டும் நடக்கும்.

இப்போது காலாங்கில் குறைந்தது 18,000 இருக்கைகளோடு புதிய உள்ளரங்கம் திட்டமிடப்படுகிறது. நான் அதை ஒரு காற்பந்துச் செய்தியாகப் படிக்கிறேன். பெரிய கச்சேரிகளில் ஒரு பகுதி அங்கே போனால் தேசிய அரங்கத்தில் நாள் மிஞ்சும். அந்த நாள்களை இன்னொரு கச்சேரிக்குக் கொடுத்துவிடாமல், தேசிய ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும், உள்ளூர் லீக்கின் இறுதி ஆட்டத்துக்கும், பள்ளிப் பிள்ளைகளின் இறுதி ஆட்டத்துக்கும் இப்போதே எழுத்தில் ஒதுக்க வேண்டும். நுழைவுச்சீட்டின் ஒரு பகுதியை ஒரு தொழிலாளி குடும்பத்தோடு வரக்கூடிய விலையில் வைக்க வேண்டும். உள்ளரங்கத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டால், தயவுசெய்து நீங்கள் ஒவ்வொருவரும் இதை எழுதி அனுப்புங்கள்.