அன்று ஓடியவர் தனியாக ஓடினார்

நடுவர் அவர்களே, நல்லூரில் கூடியிருக்கும் பெரியோரே, வணக்கம். தடுப்பூசி விடயத்தில் சமூக ஊடகங்கள் மக்களைத் தெளிவாக்கவில்லை, குழப்புகின்றன. இது எங்கள் அணி.

எதிரணித் தம்பி கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்: "ஊசிக்குப் பயந்தவர்கள் முகநூல் வருமுன்பும் ஓடினார்கள், அக்கா!"

தம்பிக்கு 2021இல் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா ஊசி போட்ட கையில் நாணயம் ஒட்டுகிறது என்று ஒரு காணொளி, ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து இறங்கியது. பெரியம்மா நாணயத்தை எடுத்துத் தோளில் வைத்தார். ஒட்டியது! "ஐயோ பிள்ளை, உடம்புக்குள் காந்தம்!" பக்கத்து வீட்டு அன்ரி ஓடி வந்தார், அவருக்கும் ஒட்டியது. படலையடியில் கூட்டம். ஒருவர் கரண்டியோடு வந்தார்! அப்போது பெரியம்மாவின் பேரன், ஊசியே போடாத சிறுவன், அதே நாணயத்தை வாங்கித் தன் நெற்றியில் வைத்தான். ஒட்டியது! யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்த்த தோலில் ஒட்டாமல் என்ன செய்யும்? துவாயால் துடைத்துவிட்டு வைத்தான், விழுந்தது. அதற்குள் காணொளி பெரியம்மாவின் கைப்பேசியிலிருந்து உரும்பிராய், சாவகச்சேரி, பருத்தித்துறை எல்லாம் போய்விட்டது. பேரன் துடைத்துக் காட்டியதை யாராவது பகிர்ந்தார்களா?

தம்பி, அன்றும் ஓடினார்கள். ஆனால் தனியாக ஓடினார்கள். குடும்பநல மாது சைக்கிளில் படலைக்கே வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பயத்தைக் கேட்டு, கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இன்று ஓடுகிறவருக்கு ஆயிரம் பேர் விருப்பக்குறி போட்டு, "நீங்கள் செய்ததுதான் சரி" என்கிறார்கள். பயம் கொள்கையாகிவிடுகிறது! சின்னமுத்து (தட்டம்மை) ஊசியால் ஓட்டிசம் வரலாம் என்ற எண்ணத்தை 1998இல் கிளப்பிய பிரித்தானிய வைத்தியர் வேக்ஃபீல்டின் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றது. கட்டுரை போயும் பயம் போகவில்லையே! இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடென்று பெயர் வாங்கியது. 2023இல் அது திரும்பி வந்தது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். தொண்ணூறுகளில், போருக்கு நடுவில், போலியோ சொட்டு மருந்துக்காக அமைதி நாட்கள் அறிவித்தார்கள். எதற்கும் நிற்காத துப்பாக்கி இரண்டு சொட்டுக்காக நின்றது. 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளையையும் போலியோ முடக்கவில்லை. அன்று பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு போன அம்மாமாரே, இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். குடும்பக் குழுவில் அடுத்த பொய் வரும்போது நீங்கள் பேசுங்கள். ரொறன்ரோவுக்கும் கேட்கும்படி பேசுங்கள், அம்மா. நன்றி, வணக்கம்.