389 ரேண்ட் டேப்பும் நகராத கோடும்

வணக்கம் மக்களே! டர்பனில் இருந்து நான்தான். குரல் கரகரவென்று இருக்கிறதா? மூன்று ராத்திரி லேப் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் இந்தச் செப்பு டேப்பைப் பாருங்கள். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, 389 ரேண்ட்! எங்கள் ஊர் சாட்ஸ்வொர்த் பகுதியில் அந்தக் காசுக்கு வீட்டில் எல்லோருக்கும் பீன்ஸ் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) வாங்கிவிடலாம். ஆயாவிடம் விலையைச் சொல்லவே இல்லை. சொன்னால், "அதுக்குச் செம்புச் சொம்பே வாங்கியிருக்கலாமே" என்பார்.

ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவியை அடைத்த என் கண்ணாடிக் குழாய் ஞாபகம் இருக்கிறதா? அதன் மேலும் கீழும் டேப்பை ஒட்டி மின்புலம் கொடுக்க வேண்டும். 780 நானோமீட்டர் லேசர் அணுவின் எலக்ட்ரானை உயர் ஆற்றல் நிலைக்குப் பாதிவரை ஏற்றும், மீதியை 480 நானோமீட்டர் நீல லேசர் பார்த்துக்கொள்ளும். நீலம்தான் எனக்குச் செல்லம், தெரியுமே. 780 கண்ணுக்கே சரியாகத் தெரியாத அழுமூஞ்சி. அப்படி ஏறிய அணுவை மின்புலம் லேசாகத் தொட்டாலே அதன் நிறமாலைக் கோடு, அதாவது அந்த அணு எந்த நிற ஒளிக்கு மசிகிறது என்று காட்டும் கோடு, நகரும். 1913இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஸ்டார்க் ஹைட்ரஜனில் பார்த்தது இந்த விளைவைத்தான். அவருக்குச் சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட் தேவைப்பட்டது, எனக்கு ஒன்றிரண்டு போதும்.

அட, எலக்ட்ரானை எந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றினேன் என்று சொல்லவே இல்லையே! 45ஆம் நிலை. அங்கே எலக்ட்ரான் கருவிலிருந்து சுமார் 0.1 மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கிறது. அணுவுக்கு அது ஊர் எல்லை தாண்டிய தூரம்.

சரி, பேட்டரியை இணைத்தேன். 5 வோல்ட், 10, 50... கோடு இம்மி நகரவில்லை. கேபிளைத் திட்டினேன், பற்றவைப்பைத் திட்டினேன், டேப்பைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி கண்ணாடி! அதன் உள்சுவரில் படிந்த மின்னூட்டம் இடம் மாறி, வெளியே நான் கொடுக்கும் நிலையான புலத்தை உள்ளே விடாமல் மறைத்துவிடுகிறது. அது சுதாரிப்பதற்குள் திசையை மாற்றிக்கொண்டே இருந்தால்? 20 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இரண்டு கோடி சுற்று வேகத்தில், கொடுத்தேன். நகர்ந்தது! 2 வோல்ட்டை 4 ஆக்கினேன், நகர்வு ஏறக்குறைய நாலு மடங்கு. புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் நகர வேண்டும், அப்படியே வந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

அடுத்து 60ஆம் நிலை. அணு புலத்துக்கு வளைந்துகொடுப்பது இந்த நிலை எண்ணின் ஏழாம் அடுக்கை ஒட்டி ஏறும், அதனால் அதே புலத்துக்கு 45இல் கிடைத்த நகர்வைப்போலச் சுமார் ஏழரை மடங்கு வர வேண்டும். ஏழரை என்று ஆயா காதில் விழுந்தால், சனிக்கிழமை எள் விளக்கு ஏற்ற என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.