நாற்பது நிமிடமும் ஒரு நெடிய வழக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஹிப்ஹாப் இசையில் ஊறிய இருவர் சந்தித்தால், நியூயார்க்கின் ராப் பாடகர்களில் நாஸ் பெரியவரா, ஜே-ஸீ பெரியவரா என்ற பேச்சு எழாமல் இருப்பது அரிது. இதை வெறும் ரசிகர் சண்டை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பாட்டை நூறு முறை கேட்டு, அதன் ஒவ்வோர் அசையையும் நிறுத்துப் பார்த்தவர்களால்தான் இந்த வழக்கை நடத்த முடியும். வழக்கின் வேரில் இருப்பது நாஸின் முதல் ஆல்பமான 'இல்மாட்டிக்'.

அது 1994 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தபோது நாஸுக்கு வயது 20. முன்னுரையையும் சேர்த்துப் பத்தே பகுதிகள், மொத்தம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். அவர் வளர்ந்த இடம் நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பு. ஹிப்ஹாப் பிறந்த இடம் எது என்பதை முன்வைத்து, 1980களின் பிற்பாதியில் அந்தக் குடியிருப்பின் எம்சி ஷானும் அதே நகரின் இன்னொரு பகுதியான தெற்குப் பிராங்க்ஸின் கேஆர்எஸ்-ஒன்னும் பாட்டாலேயே மோதிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்த சிறுவன் அவர். போட்டி என்பது இந்தக் கலைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயன்று. அதன் உடம்போடு பிறந்தது.

இந்த ஆல்பம் ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? நம் யாப்பு எதுகையையும் மோனையையும் முதன்மையாகப் போற்றும். ராப் அடியின் முடிவில் வரும் இயைபையே பெரிதும் நம்பும். நாஸோ முடிவோடு நின்றுவிடாமல், அடியின் நடுவிலும் ஒத்த ஒலிகளை அடுக்கி, தொடங்கிய வாக்கியத்தை அடியின் எல்லையைத் தாண்டி அடுத்த அடிக்குள் ஓடவிட்டு, கேட்பவர் எதிர்பாராத தாளத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர் போன்றோர் அமைத்த இசை அந்தக் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. 'ஒன் லவ்' பாட்டைச் சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதமாகவே அமைத்திருக்கிறார். வெளியே யார் எப்படி இருக்கிறார்கள் என்ற செய்திகளைத் தவிர அதில் பெரிதாக எதுவும் சொல்லப்படுவதில்லை. ஆனாலும் அதைக் கேட்டு முடிக்கும்போது என் நெஞ்சு கனத்துவிடுகிறது.

இத்தகைய முதல் படைப்பு எழுதியவருக்கே சுமையாயிற்று. பின்னால் வந்த ஒவ்வோர் ஆல்பத்தையும் ரசிகர்கள் இதனோடு ஒப்பிட்டுக் குறைத்தார்கள். ஜே-ஸீ 2001 செப்டம்பரில் 'தி புளூபிரிண்ட்' ஆல்பத்தின் 'டேக்ஓவர்' பாட்டில் அதே இடத்தைத்தான் குத்தினார்: பத்தாண்டில் ஒரே ஒரு நல்ல ஆல்பம் என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு. நாஸ் அதே ஆண்டு டிசம்பரில் 'ஈதர்' பாட்டால் பதிலடி கொடுத்தார். அதை வைத்த ஆல்பத்துக்கு, 'இன்னும்' எனப் பொருள்படும் 'ஸ்டில்' என்ற சொல்லை 'இல்மாட்டிக்'கோடு இணைத்து 'ஸ்டில்மாட்டிக்' என்று பெயரிட்டதே ஒரு பதில்தான். நியூயார்க்கின் ஹாட் 97 வானொலி கருத்துக் கேட்டபோது நேயர்களில் பெரும்பான்மையோர் நாஸ் பக்கம் நின்றார்கள்.

என்னைக் கேட்டால், 'ஈதர்' கோபத்தால் வென்றது. சொற்கட்டில் 'டேக்ஓவர்' மேலானது. ஆனால் 'இல்மாட்டிக்' அளவுக்குச் செறிவான ஆல்பம் இருவரிடமும் வேறு இல்லை. இதை மறுப்பவர் இந்த அவையிலேயே இருக்கலாம். அவரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: விற்பனைக் கணக்கையும் சொத்துக் கணக்கையும் எடுத்து வராமல், பாட்டின் வரிகளை எடுத்து வாருங்கள். ஒருவரோடொருவர் பகை கொண்டிருந்த ராப் பாடகர்கள் டூபாக்கும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் முறையே 1996 செப்டம்பரிலும் 1997 மார்ச்சிலும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த மோதல் இது. இது பாட்டோடு நின்றதே பெரும் ஆறுதல்.

இரு தரப்பு ரசிகர்களும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. ஜே-ஸீயின் 1996ஆம் ஆண்டு முதல் ஆல்பத்திலுள்ள 'டெட் பிரசிடென்ட்ஸ் II' பாட்டின் பல்லவியாக ஒலிப்பது நாஸின் குரல். 'இல்மாட்டிக்' காலத்து வரி ஒன்றை வெட்டியெடுத்து அங்கே பதித்திருந்தார்கள். 2005 அக்டோபரில் நியூஜெர்சி மேடையொன்றில் ஜே-ஸீ நாஸை அழைத்து நிறுத்தினார். அன்று அந்தப் பாட்டு எழுந்தபோது, அதுவரை ஒலிப்பதிவுத் துண்டாக மட்டுமே இருந்த வரியை அதற்கு உரியவரே ஜே-ஸீயின் அருகில் நின்று பாடினார்.