மூணு கியர் பழைய சைக்கிளுக்குப் புது பெயிண்ட்

வணக்கம் மக்களே. கேமராவ கொஞ்சம் கீழ இறக்குறேன், பின் சக்கரத்து ஹப்ப, அதாவது நடு உருளைய பாருங்க, மூணு கியரும் இதுக்குள்ளதான். அழுக்கத் துடைச்சதும் எழுத்து தெரியுது: ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூ. முதல்ல கம்பெனி பேரு, அடுத்தது மாடல். பக்கத்துல 67, அப்புறம் 4. அதாவது 1967 ஏப்ரல்ல செஞ்ச ஹப். நடுவுல யாரும் சக்கரத்த மாத்தலன்னா சைக்கிளோட வயசும் ஏறக்குறைய அதுதான்.

இந்த ஹப்ப பார்த்துதான் நிறைய பேர் பயப்படுறாங்க. ஆனா உள்ள இருக்கறது ரொம்ப அழகான விஷயம். நடுவுல அசையாத 20 பல் சக்கரம், அதைச் சுத்தி ஓடுற குட்டிச் சக்கரங்க, வெளிய 60 பல் வளையம். ரெண்டாவது கியர்ல பின்னாடி இருக்கற பல்சக்கரம் ஒரு சுத்து சுத்தினா வீலும் ஒரு சுத்து. முதல் கியர்ல முக்கால் சுத்துதான், அதனாலதான் மேட்டுல மிதிக்க லேசா இருக்கு. மூணாவதுல ஒரு சுத்தும், கூட மூணுல ஒரு பங்கும்.

கியர் மாறலன்னு உடனே கழட்டிடாதீங்க. ஹப் மேல ஒரு குட்டி மூடி இருக்கும், அது வழியா லேசான எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு ராத்திரி அப்படியே வச்சிருங்க. உள்ள காஞ்சு பிசினான பழைய எண்ணெய் இளகும். எனக்கு மறுநாள் காலையில மூணு கியரும் விழுந்துச்சு.

கியர் நழுவினா முதல்ல கேபிளப் பாருங்க. ரெண்டாவது கியர்ல வச்சுட்டு, வலது பக்க நட்டுல இருக்கற ஓட்டை வழியா பார்த்தா, கேபிள ஹப்போட இணைக்கிற குட்டிச் சங்கிலி ஆரம்பிக்கிற கம்பியோட முனை அச்சு முனைக்குச் சமமா இருக்கணும். இதுல அலட்சியம் வேண்டாம். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எந்தக் கியரும் பிடிக்காத ஒரு இடம் இருக்கு. எழுந்து நின்னு மிதிக்கும்போது அங்க மாட்டினா பெடல் சும்மா சுத்தி, ஆள் விழுந்துருவாங்க.

பெயிண்ட் அடிக்கக் கழட்டும்போது, கிராங்க (பெடல் தண்டு) அச்சோட பிடிச்சிருக்கற காட்டர் ஆணியத் தட்டணும்னா, கிராங்குக்கு அடியில கட்டாயம் முட்டுக் கொடுங்க. இல்லன்னா அடி முழுக்க பால்ரஸ் மேல போகும்.

இப்ப பெயிண்ட். யாரோ பிரஷ்ல கறுப்பு அடிச்சிருந்தாங்க. சீட் கிளாம்ப கழட்டினா அடியில பழைய பச்சை! அதைக் காப்பாத்தணும்னு எவ்வளவோ பார்த்தேன், கறுப்போட சேர்ந்து பச்சையும் உரிஞ்சு வந்துருச்சு. மனசு கஷ்டமாப் போச்சு. உங்க சைக்கிள்ல கம்பெனி பெயிண்ட் பாதி இருந்தாலும் தயவுசெஞ்சு விட்டு வைங்க, துடைச்சு மெழுகு போட்டாலே போதும். அடிச்சே ஆகணும்னா, அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். மாஸ்க் போட்டு, தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர் போடுங்க, தூள் பறக்கக் கூடாது.

மரை இருக்கற இடம் எல்லாத்துக்கும் டேப். பிரைமர், அப்புறம் மெல்லிசா நாலு கோட். அதுக்கப்புறம்தான் பொறுமை வேணும். தொட்டா ஒட்டலங்கறதால காஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. நான் மூணாவது நாளே முன் பிரேக் நட்ட முறுக்கினேன், வாஷர் அளவுக்கு வட்டமா பெயிண்ட் பேந்து வந்துருச்சு. முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கற போர்க்குக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சு, இந்தத் தடவை ரெண்டு வாரம் தொடவே இல்ல.

தங்கக் கோடு இன்னும் இழுக்கல, பழைய கோட்டோட அளவு எடுத்து வச்சிருக்கேன். இப்ப மைக்க ஹப் பக்கத்துல கொண்டு போறேன். முதல் கியர்ல மிதிச்சா சத்தமே இல்ல. ரெண்டுக்கு மாத்துறேன்... டிக் டிக் டிக். கேக்குதா?