முதலில் உட்காரட்டும்

அவையில் இருக்கும் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், உதவ வேண்டும் என்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

கூடுதல் கவனிப்பு வேண்டிய குழந்தைகளைப் பற்றிய கூட்டம் என்றால் மேடையில் அன்பு, தன்னம்பிக்கை என்ற இரண்டு சொற்கள் தாராளமாகப் புழங்கும். இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் இரண்டும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்காதவை நேரம், தூக்கம், வலி இல்லாத முதுகு. அதனால் இன்றைய பேச்சில் பெரும்பகுதி ஒரு நாற்காலியைப் பற்றியது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் நாற்காலி.

மூளை முடக்குவாதத்தில், வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு அதற்குமேல் பெருகாது. ஆனால் குழந்தை வளர வளர, தசையும் எலும்பும் அதன் விளைவைச் சுமக்கும். 1997-ல் கனடாவில் உருவான ஓர் அளவுகோல் இந்தக் குழந்தைகளின் இயக்கத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறது. 1-ஆம் நிலையில் குழந்தை நடக்கும், ஓடும், மாடிப்படி ஏறும். 5-ஆம் நிலையில் தலையை நிமிர்த்தி வைக்கவே தாங்கல் வேண்டும். நாம் இன்று பேசுவது 4, 5-ஆம் நிலைக் குழந்தைகளைப் பற்றி.

இருந்த இடத்திலேயே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். நாற்காலியின் நுனிக்கு வழுக்கி வாருங்கள். முதுகு வளையட்டும். இரண்டு காலையும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். அப்படியே பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசுங்கள். கஷ்டமாக இருக்கிறதா? நம் பிள்ளைகளில் பலர் இந்த நிலையில்தான் சாப்பிடுகிறார்கள், பாடம் கேட்கிறார்கள். பிறகு நாம் “சாப்பிடவே மாட்டேங்குது”, “கவனமே இல்லை” என்று சொல்கிறோம்.

தலை நிற்கவில்லை என்றால் எல்லோரும் தலையைத்தான் பிடிக்கிறார்கள். கோளாறு கீழே, இடுப்பில் இருக்கிறது. அஸ்திவாரம் சாய்ந்தால் மேல்மாடியில் முட்டுக் கொடுத்துப் பயனில்லை. இடுப்பு நேரானால் முதுகு நிமிரும், முதுகு நிமிர்ந்தால் தலைக்கு வேலை குறையும், அதற்குப் பிறகுதான் கையும் கண்ணும் வாயும் தங்கள் வேலையைப் பார்க்க முடியும்.

அளவுக்கு வருவோம். குழந்தையை உட்காரவைத்து, பின்பக்கத்தின் கடைசியிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளவெடுங்கள். அதில் இரண்டு விரல் அகலத்தைக் கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். ஆழம் கூடினால் இருக்கையின் விளிம்பு கெண்டைக்காலில் குத்தும்; குத்துகிற இடத்திலிருந்து தப்பிக்கக் குழந்தை இடுப்பை முன்னுக்கு நகர்த்தும், முதுகு கூன் போடும். அகலம், இடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவு போதும். வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று சட்டையைப் பெரிதாக வாங்கலாம், நாற்காலியை அப்படி வாங்கக் கூடாது. பெரிய நாற்காலியில் குழந்தை ஒரு பக்கமாகச் சரியும், சரிந்த பக்கத்தில் தலையணை திணிப்போம், தலையணை அமுங்கும், இன்னொன்று திணிப்போம்.

பாதம் முழுதாகப் பலகையில் பதிய வேண்டும், தொடை இருக்கையில் சமமாகப் படிய வேண்டும். பாதப்பலகை தாழ்ந்திருந்தால் கால் தொங்கும், உயர்ந்திருந்தால் முழங்கால் மேலேறி மொத்த பாரமும் பின்பக்க எலும்பில் இறங்கும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பெல்ட் வயிற்றைக் குறுக்கே கட்டுவதற்கானது இல்லை. தொடையும் இடுப்பும் மடிகிற இடத்தில், பின்னோக்கியும் கீழ்நோக்கியும் சாய்வாக இழுக்கும்படி, இருக்கையோடு 45 முதல் 60 டிகிரி கோணத்தில் வர வேண்டும். வயிற்றில் கட்டிய பெல்ட்டுக்கு அடியில் குழந்தை வழுக்கி இறங்கினால், அது மார்புக்கும் கழுத்துக்கும் ஏறிவிடும்.

உட்காரவைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: இடுப்பு, பெல்ட், பாதம், உடம்பு, கடைசியில் தலை. சில குழந்தைகள் தூக்கியவுடன் பலகை போல விறைத்துக்கொள்வார்கள். அப்போது மார்பையோ வயிற்றையோ அழுத்தி உட்காரவைக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் காத்திருங்கள், விறைப்பு தளரும். பின்தலையில் உள்ளங்கையை வைத்து முன்னுக்குத் தள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. தள்ளத் தள்ளத் தலை இன்னும் வேகமாகப் பின்னுக்கு வரும். குழந்தை அடம்பிடிக்கவில்லை, அந்தத் தொடுதலுக்கு அதன் உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தும் பத்தே நிமிடத்தில் வழுக்கிவிடுகிறது என்று சில பெற்றோர் சொல்வார்கள். அப்போது பாதப்பலகையைப் பாருங்கள். தொடையின் பின்தசை இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி இறங்குகிறது. அது இறுகியிருக்கும் குழந்தையின் காலை முன்னால் நீட்டி வைத்தால், தசை கயிறு போல இடுப்பைப் பிடித்து இழுக்கும். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பாதப்பலகையை முழங்காலுக்கு நேர் கீழே, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் இடுப்பு இருந்த இடத்தில் இருக்கும்.

புது நாற்காலி என்றால் முதல் நாள் 20, 30 நிமிடம் போதும். குழந்தையை நாற்காலியிலிருந்து இறக்கியவுடன் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அங்கே அழுத்துகிறது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டு, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடுப்பு மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் செய்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், 1-ஆம் நிலைக் குழந்தைகளில் ஒருவருக்கும் மூட்டு விலகல் இல்லை. 5-ஆம் நிலையில் 100-க்கு 90 பேருக்கு இருந்தது. தொடக்கத்தில் வலிக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். உடை மாற்றும்போது தொடையை விரிப்பது கடினமாகிக்கொண்டே வந்தால், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 4, 5-ஆம் நிலை என்றால் எந்த அறிகுறியும் இல்லாமலே குறித்த இடைவெளியில் எடுக்க வேண்டும். தெற்கு சுவீடனில் 1994-ல் தொடங்கிய கண்காணிப்பில், முன்கூட்டியே பார்த்துச் சிகிச்சை தந்ததால் மூட்டு முழுதாக நழுவுவது மிக அரிதாகிவிட்டது.

இனி ஊட்டுவது. வீட்டில் அதிக நேரத்தையும் அதிக பயத்தையும் தின்பது இதுதான்.

நின்றபடி ஊட்டாதீர்கள். நீங்கள் நின்றால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், அண்ணாந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும், வாயில் இருப்பது விழுங்கும் முன்பே அங்கே இறங்கும். குழந்தைக்கு எதிரே, உங்கள் கண் அதன் கண்ணுக்கு நேராக வரும்படி உட்காருங்கள். மோவாய் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். கரண்டி கீழிருந்து வரட்டும். குழி குறைந்த தட்டையான கரண்டியில் பாதி அளவு எடுத்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, கரண்டியை நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் தேய்த்து வழித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். உதட்டை மூடும் பழக்கம் வரவே வராது. கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் குழந்தையிடமிருந்து பிடுங்கக் கூடாது. இழுத்தால் கடி இறுகும். தலையை இன்னும் சற்று முன்னால் சாய்த்துப் பொறுத்திருந்தால் தானாக விடும். உடையக்கூடிய பிளாஸ்டிக் கரண்டி இவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஒரு வாய் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய். வேளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஆகிறதென்றால், அதைப் பொறுமைக்கான பரீட்சையாக எடுத்துக்கொள்ளாமல் பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டதும் குரலில் களகளவென்று ஈரச் சத்தம், அடிக்கடி நெஞ்சில் சளி, காய்ச்சல்: இவை உணவு தடம் மாறிப் போவதன் அடையாளங்கள். சில குழந்தைகளுக்குப் புரையே ஏறாது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போகும். இருமவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது ஆபத்து.

நீர்தான் எளிது என்று தோன்றும். விழுங்கக் கடினமானதே நீர்தான். வேகமாக ஓடுகிற பொருளை நிறுத்திப் பிடிக்க அந்த வாயால் முடிவதில்லை. பயிற்சியாளர் கெட்டிப்படுத்தித் தரச் சொன்னால், எவ்வளவு கெட்டி என்று அளந்து பார்க்க உலக அளவில் ஒரு பொதுவான முறை இருக்கிறது. 0 கோட்டிலிருந்து 10 மில்லி கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் உள்ள 10 மில்லி சிரிஞ்சு வேண்டும். ஊசியையும் தண்டையும் எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, 10 விநாடி விரலை எடுத்து மறுபடி அடையுங்கள். இங்கே சொல்லும் நிலை கெட்டியின் நிலை, முன்பு சொன்ன இயக்க நிலை இல்லை: மிச்சம் 1 மில்லிக்குக் குறைவென்றால் 0-ஆம் நிலை, 1 முதல் 4 என்றால் 1-ஆம் நிலை, 4 முதல் 8 என்றால் 2, எட்டுக்கு மேல் நின்றும் சொட்டுகிறதென்றால் 3. நீங்களாக முடிவெடுத்துக் கெட்டிப்படுத்த வேண்டாம். குடிக்கும் அளவு குறைந்து, உடல் வறண்டு, மலச்சிக்கல் வரும். ஊட்டி முடித்த பிறகு 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

பேச்சு வராத குழந்தையிடம் பேசுவதற்கும் இதே நாற்காலிதான் முதல் கருவி. தலை ஆடிக்கொண்டிருந்தால் கண் எதைக் காட்டுகிறது என்று நம்மால் படிக்க முடியாது. இரண்டு படங்களையோ பொருள்களையோ குழந்தையின் கண் மட்டத்தில், தோள் அகலம் விலக்கிப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். “எது வேண்டும்?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எல்லோரும் சறுக்குவது இந்தப் பத்தில்தான். மூன்று எண்ணுவதற்குள் கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுவோம். உள்ளே பாதி தயாரான பதில் கலைந்துபோகும். கண் ஒன்றில் நின்றதும் அதையே கொடுங்கள், தவறாகத் தேர்ந்ததுபோலத் தோன்றினாலும். “வேண்டாம்” என்று காட்டியதைத் திணித்தால், அடுத்த முறை பதில் சொல்வதில் என்ன அர்த்தம்? படம் காட்டிப் பழகினால் வருகிற பேச்சும் நின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

வலிப்பு வந்தால்: முதலில் மணியைப் பாருங்கள். குழந்தை சக்கர நாற்காலியில் இருந்தால் பிரேக் போட்டு, பெல்ட்டைக் கழற்றாமல், தலையைத் தாங்கிப் பிடியுங்கள். மூச்சுக்கு இடைஞ்சல் என்றாலோ வாயில் உணவு இருந்தாலோ மட்டும் இறக்கி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

இப்போது பராமரிப்பவரின் முதுகு. சில வீடுகளில் அம்மா, சிலவற்றில் அப்பா, சிலவற்றில் பாட்டி. மருத்துவமனை ஊழியர்களுக்கு, நோயாளியைக் கையால் தூக்கும் பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007-ல் ஒரு வரம்பு பரிந்துரைக்கப்பட்டது. நம் வீடுகளில் 25 கிலோ பிள்ளையை ஒருவரே ஒரு நாளில் பலமுறை தூக்குகிறார். 16-ஐத் தாண்டியதும் இரண்டு பேர், இல்லையென்றால் தூக்காமல் நகர்த்தி இடம் மாற்றும் வழுக்குப் பலகை, அல்லது தூக்கும் கருவி. உடை மாற்றும் கட்டில் தூக்குபவரின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பாசத்தால் தூக்கினாலும் முதுகுத் தட்டு பிதுங்கத்தான் செய்யும்.

உறவினர்களே, உங்களிடம் ஒன்று. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று இனி சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசித்து, கூச்சத்தை விட்டு, உங்களைக் கூப்பிடும் வேலையையும் சேர்த்து அவர்கள் தலையில் வைக்கிறீர்கள். “சனிக்கிழமை 4 மணியிலிருந்து 6 மணி வரை நான் வருகிறேன்” என்று சொல்லுங்கள்.

அப்படி வருகிறவருக்காகப் பெற்றோர் ஒரே ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைக்கும் வரிசை, சரியாக உட்கார்ந்திருக்கும் ஒரு படம், எந்தக் கரண்டி, எவ்வளவு கெட்டி, “ஆம்” எப்படிச் சொல்லும், “வேண்டாம்” எப்படிச் சொல்லும், மருந்தின் பெயரும் நேரமும், வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது. இரண்டாம் பக்கம் வேண்டாம். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முதல் சனிக்கிழமை வந்தவர் பார்க்கட்டும். இரண்டாம் சனிக்கிழமை அவர் செய்யட்டும், அம்மா பார்க்கட்டும். கை குறுக்கே வரக் கூடாது. மூன்றாம் சனிக்கிழமை அம்மா வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்து அறையில்கூட வேண்டாம். இருந்தால் முதல் இருமலுக்கே எழுந்து வந்துவிடுவார்.